பள்ளி விட்டதும் எங்கே போவது? பதின்ம வயதினரும் மாறிவரும் உணவுச்சூழலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பள்ளிகளைச் சுற்றியுள்ள தின்பண்டக் கடைகள் கடந்த இருபது ஆண்டுகளில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருக்கின்றன. அந்த மாற்றத்தைப் பிள்ளைகள் எப்படி எதிர்கொள்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இந்த வட்டாரத்தில் உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

உணவுச்சூழல் என்றால் என்ன?

ஒருவர் எதைச் சாப்பிடுகிறார் என்பதை அவருடைய நாக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. நடக்கும் தூரத்தில் என்னென்ன கடைகள் இருக்கின்றன, எந்தப் பொருள் என்ன விலை, எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எது கண்ணெதிரே சரமாகத் தொங்குகிறது, எங்கே நின்று தின்றால் யார் பார்ப்பார்கள் என்பவையெல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. இவற்றின் தொகுப்பைத்தான் பொதுச் சுகாதாரத் துறையினர் உணவுச்சூழல் என்கிறார்கள். கடைகளின் எண்ணிக்கையையும் தூரத்தையும் வரைபடத்தில் குறித்துவிட்டால் இதை அளந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் உண்டு. ஆனால் பட்டியலில் கடைசியாகச் சொன்ன ‘யார் பார்ப்பார்கள்’ என்பது எந்த வரைபடத்திலும் ஏறாது. பதினைந்து வயதில் அதுதான் முதற்கணக்கு.

சிறு குழந்தைகளை விட்டுவிட்டுப் பதின்ம வயதினரைத் தனியாகப் பார்ப்பது ஏன்?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் கொடுப்பதைத் தின்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கையில் இருபது ரூபாயுடன் தனியாகப் பேருந்து ஏறுகிறது. எந்த நிறுத்தத்தில் இறங்குவது, யாரோடு நடப்பது, எந்தக் கடையில் ஒதுங்குவது என்று தானே தீர்மானிக்கிறது. ஊரைச் சொந்தக் காலால் அளக்கத் தொடங்கும் வயது அது.

உடல்நிலைக் கணக்கும் இந்த வயதில் விசித்திரமாக இருக்கிறது. 2016 முதல் 2018 வரை இந்தியா முழுவதும் நடத்தப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 24 விழுக்காட்டினர் வயதுக்குரிய எடையின்றி மெலிந்திருந்தார்கள். 5 விழுக்காட்டினர் அதிக எடையுடன் இருந்தார்கள். அந்த வயதுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 18 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. அதே ஆய்வில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் நீரிழிவின் வாசற்படியில் நின்றார். ஒரே வகுப்பறையின் ஒரே பெஞ்சில் மெலிவும் சர்க்கரையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்போது, ‘கண்டதைத் தின்று குண்டாகிறார்கள்’ என்ற ஒற்றைப் புலம்பல் பாதிப் பிள்ளைகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் உண்மையில் என்னதான் மாறியிருக்கிறது?

முன்பு பள்ளி வாசலில் சாக்கு விரித்து ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். உப்பு, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய், கொடுக்காப்புளி, இலந்தைப்பழம், பருவத்தில் நாவற்பழம், பனங்கிழங்கு ஆகியவற்றைக் கூறு கட்டி விற்பார். சைக்கிளில் பால் ஐஸும் சேமியா ஐஸும் வரும். பெட்டிக்கடைப் பாட்டில்களில் தேன்மிட்டாய், கமர்கட், கடலை மிட்டாய் இருக்கும். இவற்றில் பாதி சர்க்கரைதான் என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கத் தேவையில்லை. ஆனால் அவை பருவத்தோடு வந்து பருவத்தோடு போயின, அளவும் சிறிது, கடைக்காரருக்குப் பிள்ளையின் பெயரும் அப்பன் பெயரும் தெரியும்.

முதலில் வந்தது ஐந்து ரூபாய்ப் பாக்கெட். பெட்டிக்கடையின் பாட்டில்கள் பின்னுக்குப் போய், சிப்ஸ் சரங்கள் முன்னால் தொங்கின. அதே காலத்தில் கொங்குப் பகுதிக்கே உரிய பேக்கரிகள் சாலைக்குச் சாலை பெருகின. சென்னையில் பேக்கரி என்றால் கேக் வாங்கிக்கொண்டு போகும் கடை. இங்கே அது டீக்கடையும் பலகாரக்கடையும் உட்கார்ந்து பேசும் இடமும் ஒன்றாகச் சேர்ந்தது. முட்டை பப்ஸ், தேங்காய் பன், டீ, மேலே சுழலும் மின்விசிறி, நாலு பேர் உட்காரும் மேசை என்பது அதன் இலக்கணம். அதற்கடுத்த அலை தள்ளுவண்டி. கோவையின் காளான் வண்டி ஊரறிந்தது. அதில் காளானைவிட முட்டைக்கோசும் மைதாவும்தான் கூடுதல் என்பதும் ஊரறிந்தது, பிள்ளைகளுக்கும் தெரியும், யாரும் அதற்காகச் சண்டை போட்டதில்லை. பிறகு ஃப்ரைட் ரைஸ், சிக்கன் பக்கோடா, சவர்மா, மோமோ என்று வரிசையாக வந்தன. கடைசியில் சைக்கிளும் வண்டியும் தாண்டிக் கைப்பேசிக்குள்ளேயே கடை வந்துவிட்டது.

இதற்கிடையே வீட்டு நேரமும் மாறியது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் பெற்றோர் ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்த்தால் இரவு எட்டரைக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். அதுவரை பதினான்கு வயது மகளோ மகனோ வீட்டின் பொறுப்பாளர். அடுப்பு பற்றவைக்க விரும்பாத அந்த மாலைகளுக்குத் தள்ளுவண்டிதான் சமையலறை. கடைகள் பெருகியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஷிப்டைப் பற்றிப் பேசாமல் விடுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

பிள்ளைகள் இந்த மாற்றத்தை வளர்ச்சியாகப் பார்க்கிறார்களா, சீரழிவாகப் பார்க்கிறார்களா?

இரண்டாகவும் பார்க்கிறார்கள், அதுவும் ஒரே மூச்சில். தங்கள் ஊருக்குப் பெயர் தெரிந்த பிட்ஸா நிறுவனத்தின் கிளை வந்தால் அவர்களுக்குப் பெருமை. ‘எங்க ஊர்லயும் வந்துடுச்சு’ என்று சொல்லும்போது, சென்னைக்காரப் பிள்ளையின் முன்னால் இனிக் கூசத் தேவையில்லை என்ற நிம்மதி அதில் இருக்கிறது. ஆனால் அதே பிள்ளை, அந்தக் கிளை வந்த இடத்தில் முன்பிருந்த பழக்கடைக்காரர் எங்கே போனார் என்றும் கேட்கும். புதுக் கடையில் கண்ணாடிக் கதவு இருக்கிறது, உள்ளே போனால் வாங்கியாக வேண்டும், வாங்காமல் நின்றால் காவலாளி பார்ப்பார் என்பதை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடிப்பவர்களும் அவர்கள்தான். கடை வந்தது ஊருக்கு. கதவு திறப்பது காசுக்கு. இந்த வேறுபாட்டைப் பெரியவர்களைவிடப் பதின்ம வயதினர் கூர்மையாக உணர்கிறார்கள், ஏனெனில் தெருவில் அதிகம் நடப்பவர்களும் கையில் குறைவாக வைத்திருப்பவர்களும் அவர்களே.

பெண்பிள்ளைகளின் அனுபவம் வேறுபடுகிறதா?

மிகவும் வேறுபடுகிறது. இதை விளக்காமல் உணவுச்சூழலைப் பற்றி எழுதும் எதுவும் பாதிதான்.

டீக்கடை ஆண்களின் இடம். பதினாறு வயதுப் பையன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் அவன் பெரியவனாகிவிட்டான் என்று பொருள்; பதினாறு வயதுப் பெண் அங்கே நின்றால் இரவுக்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். ஆகவே பெண்பிள்ளைகள் நெடுங்காலமாகக் கடையில் நிற்காமல், வாங்கிப் பைக்குள் வைத்து, பேருந்தின் சன்னலோரத்திலோ டியூஷன் வாசலிலோ தின்றார்கள். பாக்கெட் தீனி அவர்களுக்குப் பொருந்தியது அதனால்தான்: கை அழுக்காகாது, நொடியில் மறைக்கலாம், நடந்துகொண்டே முடித்துவிடலாம். மாங்காய்க் கீற்றையும் சுண்டலையும் அப்படித் தின்ன முடியாது. சுவையைப் பற்றிய விருப்பமாக வெளியே தெரிவது, உள்ளே பார்த்தால் நிற்பதற்கு இடமில்லாததன் விளைவு.

பேக்கரி இதை மாற்றியது. மேசை, நாற்காலி, குடும்பத்தோடு வருகிறவர்கள், வெளிச்சம் எல்லாம் இருப்பதால் மூன்று நான்கு தோழிகள் சேர்ந்து ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு பப்ஸை நாலாகப் பிய்த்துக்கொண்டு அரைமணி நேரம் பேசலாம். நகரத்தில் அவர்களுக்கு அப்படிப்பட்ட வேறு இடம் எது? விளையாட்டு மைதானம் பையன்களுடையது. பூங்காவில் உட்கார்ந்தால் கேள்வி வரும். நூலகத்தில் பேசக் கூடாது. பப்ஸில் உள்ள வனஸ்பதியைக் கணக்கிடும்போது அந்த அரைமணி நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் வாதம். பேக்கரிக்குப் போகாதே என்று மகளிடம் சொல்லும் தாய், உடல்நலத்தைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறார். மகளின் காதில் அது, உட்கார்ந்து பேசக் கிடைத்த ஒரே இடத்தையும் மறுப்பதாக விழுகிறது.

பெண்பிள்ளைகளுக்கு வேறொரு சுமையும் உண்டு. பருமனாக இருந்தால் கேலி, ஒல்லியாக இருந்தால் ‘சாப்பிடவே மாட்டியா’ என்ற விசாரிப்பு. எல்லோர் முன்னிலையிலும் குறைவாகத் தின்றுவிட்டு, தனியே பசியாறும் பழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சாதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் பிள்ளைகள் அதைப் பெயர் சொல்லிப் பேசுவது அரிது. இரட்டைக் குவளை முறை இந்த வட்டாரக் கிராமங்களிலும் பதிவான வரலாறு. எந்த டீக்கடையில் எந்தத் தெருக்காரர் எங்கே நிற்பார் என்ற ஏற்பாட்டின் நினைவு தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இறங்கியிருக்கிறது. நகரத்துச் சாலையோர பேக்கரியில் காசு கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே கண்ணாடிக் குவளை. ஐந்து ரூபாய்ப் பாக்கெட் யார் கைக்குப் போனாலும் ஒரே பாக்கெட். ஆலையிலிருந்து வரும் உணவை நாம் எவ்வளவு திட்டினாலும், யார் சமைத்தது, யார் தொட்டது என்ற கேள்வியே எழாத உணவு அது என்பது சில பிள்ளைகளுக்கு விடுதலையாகவே இருக்கிறது. மறுபக்கம், வீட்டிலிருந்து கொண்டுவரும் சோற்றுப்பாத்திரம் வீட்டைக் காட்டிக்கொடுக்கிறது. கருவாட்டு வாசனைக்காக ஒருமுறை முகம் சுளிக்கப்பட்ட பிள்ளை, மறுவாரம் முதல் சோற்றை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் காசு கேட்கிறது. அம்மாவுக்குக் காரணம் தெரியாது.

கையில் இருக்கும் பத்து, இருபது ரூபாயில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

நாம் நினைப்பதைவிடக் கவனமாக. வயிறு நிறைய வேண்டும், பங்கு போட முடிய வேண்டும், நண்பர்கள் முன்னால் கஞ்சத்தனமாகத் தெரியக் கூடாது, பேருந்துக்கு மீதி வேண்டும். இந்த நாலும் சேர்ந்த கணக்கில் ஒற்றைக் கொய்யாப்பழம் எப்போதும் தோற்கிறது. பங்கு போட முடியாது, ‘ட்ரீட்’ ஆகாது.

நிறுவனங்கள் இந்தக் கணக்கை நன்றாகப் படித்திருக்கின்றன. மூலப்பொருள் விலை ஏறினாலும் பாக்கெட்டின் விலையை ஐந்திலும் பத்திலும் நிறுத்திவைத்து, உள்ளே உள்ள கிராமைக் குறைக்கிறார்கள். 2023-இல் காம்பா கோலா மீண்டும் சந்தைக்கு வந்தபோது 200 மில்லி பாட்டிலைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்தது. அந்த ஒற்றை நாணயம் குளிர்பானப் போட்டியையே மாற்றியது. இருபது ரூபாய்க்கு ஒரு சிறு பாட்டில் எனர்ஜி ட்ரிங்க் கிடைக்கிறது. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை அதன் மீது பொடி எழுத்தில் இருக்கும். தேர்வுக் காலத்தில் அதைக் குடித்துவிட்டுப் படிக்கிறவர்களும், கிரிக்கெட்டுக்கு முன் குடிக்கிறவர்களும் உண்டு. அதைக் கையில் பிடித்திருப்பதே ஒரு கெத்து.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரியில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. கோலா வகைகளும் காஃபின் கலந்த பானங்களும் 40 விழுக்காட்டில் நிறுத்தப்பட்டன. வரி விதிப்பவர்கள் பானத்தைத் தீங்கென்றும் பிஸ்கட்டை அன்றாடத் தேவையென்றும் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கையில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

அரசுப் பள்ளியில் சத்துணவு இருக்கிறதே, பிறகு எதற்கு வெளியே பசி?

தமிழ்நாட்டின் பள்ளி உணவு வரலாறு நீண்டது. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராசரின் மதிய உணவாக விரிந்து, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாக வளர்ந்து, 1984-இல் 15 வயது வரை நீண்டது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. இவையெல்லாம் உண்மை, பெருமைக்குரியவை. ஆனால் வயதை வைத்துப் பாருங்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினொன்றாம் வகுப்பில் கால்வைத்த மறுநாள், அதே வளாகத்தில், அதே மணியோசையில், அதே பிள்ளைக்கு அரசின் தட்டு இல்லை. வளர்ச்சி இன்னும் முடியாத வயதில் தட்டு எடுக்கப்படுகிறது.

பத்தாம் வகுப்பு வரையிலும்கூட, தட்டை ஏந்தி வரிசையில் நிற்பது ஏழாம், எட்டாம் வகுப்பிலிருந்தே சிலருக்குக் கூச்சமாகிறது. பிடித்த சாதம் போடும் நாளில் வரிசை நீள்வதும் மற்ற நாட்களில் குறைவதும் எந்தப் பள்ளிச் சமையலருக்கும் தெரிந்த கணக்கு.

பசியின் உண்மையான நேரம் மாலை. மதியம் ஒரு மணிக்கு முன்பே சோறு முடிந்துவிடுகிறது. நாலேகாலுக்குப் பள்ளி விட்டாலும் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சிறப்பு வகுப்பு ஆறு மணி வரை போகும். அதன்பின் பேருந்து, டியூஷன். ஒரு மணிக்கும் எட்டரைக்கும் நடுவில் உள்ள இந்த நீண்ட இடைவெளியில்தான் பப்ஸும் காளானும் ஃப்ரைட் ரைஸும் விற்கின்றன. சில பள்ளிகளில் சிறப்பு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களோ முன்னாள் மாணவர்களோ சுண்டல் ஏற்பாடு செய்கிறார்கள். அன்றைக்கு வாசலில் உள்ள வண்டியின் வியாபாரம் குறைவதை நானே பார்த்திருக்கிறேன். அறிவுரைக்கு அந்த வியாபாரம் ஒருநாளும் குறைந்ததில்லை.

எது உடம்புக்கு ஆகாது என்று அவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். ஐந்தாம் வகுப்பிலிருந்தே சரிவிகித உணவு பாடமாக இருக்கிறது. மைதா கெடுதல், எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் அவர்கள் அஞ்சுவது முப்பது வருடம் கழித்து வரும் நீரிழிவுக்கு அல்ல. நாளைக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் சவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்த செய்தி பரவிய வாரத்தில், எந்த விழிப்புணர்வு ஊர்வலமும் செய்யாததை அந்தச் செய்தி செய்தது; சவர்மாக் கடைகள் வெறிச்சோடின. சில மாதங்களில் கூட்டம் திரும்பிவிட்டது. ரோடமின் பி என்ற சாயம் கண்டறியப்பட்டதால் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் தடைசெய்யப்பட்டதும், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்ததும் அவர்களுக்கு நினைவிருக்கின்றன. இதனால் ஒரு தலைகீழான முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: சாலையோரத்தில் கையால் செய்வது ஆபத்து, உறை போட்டு வருவது பாதுகாப்பு. 14 இலக்க உணவு உரிம எண் அச்சிட்ட பாக்கெட்டில் கிருமி இருக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் கெடுதல் கிருமியால் மட்டும் வருவதில்லை. உப்போ சர்க்கரையோ மிகுதி என்றால் அதை முன்பக்கத்தில் பளிச்சென்று சொல்லும் கட்டாயம் சிலி நாட்டில் 2016 முதல் இருக்கிறது. கறுப்பு எண்கோண முத்திரையைச் சிறுபிள்ளையும் படித்துவிடும். நம் பாக்கெட்டுகளில் அந்த விவரம் பின்பக்கப் பொடியெழுத்துக் கட்டத்தில் கிடக்கிறது.

பெரியவர்கள் சொல்வதை அவர்கள் நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை கொண்டவர்கள். அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு அது 30.9, 28.2 ஆக இருந்தது. அறிவுரை சொல்லும் அப்பாவின் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளை தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பள்ளிக்கு அருகில் இத்தகைய தின்பண்டங்களை விற்கச் சட்டத்தில் தடை இல்லையா?

இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2020-இல் அறிவித்து, 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி உணவகத்திலோ, பள்ளி வாயிலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது. புகையிலைக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த எல்லை 100 கஜம். அந்த எல்லையைக் குறிக்கும் பலகைகளைப் பல பள்ளிச் சுவர்களில் காணலாம். 50 மீட்டர் உணவு எல்லைக்கு அப்படியொரு பலகையை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஐம்பது மீட்டர் என்பது பதினைந்து வயதுக் காலுக்கு முக்கால் நிமிட நடை. அவர்களுடைய உணவுச்சூழல் பள்ளி வாசலில் இல்லை. வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, நிறுத்தத்திலிருந்து டியூஷன் வரை, டியூஷனிலிருந்து வீடு வரை அது நீளமாகக் கிடக்கிறது. வாசலை மட்டும் சுத்தப்படுத்தும்போது நடைமுறையில் முதலில் அப்புறப்படுத்தப்படுவது சாக்கு விரித்த நெல்லிக்காய்ப் பாட்டிதான், ஏனென்றால் அவரை எழுப்புவது எளிது. சுவர் எழுப்பி, வாடகை கொடுத்து, மின்னிணைப்பு வாங்கிய கடை அங்கேயே இருக்கும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் பாட்டிக்கும் பொருந்தும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கைப்பேசியும் சமூக ஊடகமும் எவ்வளவு பங்கு வகிக்கின்றன?

வீட்டுக்கு உணவு வரவழைக்கும் செயலிகளைவிட, உணவைக் காட்டும் ரீல்ஸ்தான் அதிகம் பாதிக்கிறது. செயலியில் வாங்கப் பணம் வேண்டும், ரீல்ஸ் பார்க்கப் பணம் தேவையில்லை. இன்றைய பிள்ளை தின்னாத உணவின் சுவையைக்கூட விவரிக்கும். தன் தெருவை அது திரையோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறது. ‘எங்க ஊர்ல ஒண்ணுமே இல்ல’ என்ற வாசகம், முப்பது கடைகள் உள்ள தெருவில் நின்றுகொண்டும் சொல்லப்படுகிறது.

வட மாநிலத் தொழிலாளர்கள் கொண்டுவந்த உணவை இங்கத்திய பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள்?

பெற்றோரைவிடத் திறந்த மனத்தோடு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் வேலைக்கு வந்தவர்களை நம்பித் தொடங்கிய வண்டிகள் இப்போது தமிழ்ப் பிள்ளைகளை நம்பியும் நடக்கின்றன. பானிபூரிக்காரரிடம் ‘பையா, தோடா தீக்கா’ (அண்ணா, கொஞ்சம் காரமா) என்று சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அதுவே முதல் இந்தி வகுப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளியில் சாம்பார் சாதத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். சுத்தமில்லை என்று பெரியவர்கள் சொல்லும்போது, அது எண்ணெயைப் பற்றிய பேச்சா, ஆளைப் பற்றிய பேச்சா என்று பிரித்தறிய வேண்டும். பிள்ளைகள் சிலசமயம் அந்தக் கேள்வியை நம்மிடமே கேட்டுவிடுகிறார்கள்.

மற்ற நாடுகளில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள்?

லண்டனைச் சொல்லலாம். அங்கே வால்தம் ஃபாரஸ்ட் பகுதி நிர்வாகம் 2009-இல், பள்ளிகளிலிருந்து 400 மீட்டருக்குள் சூடான உணவை வாங்கிச் செல்லும் புதிய கடைகள் வராமல் கட்டுப்படுத்தியது; 2019 பிப்ரவரியில் நகரப் போக்குவரத்து அமைப்பின் பேருந்துகளிலும் ரயில்களிலும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளின் விளம்பரம் நிறுத்தப்பட்டது. ஆனாலும் மாலையில் லண்டன் இளைஞர்கள் கூடும் இடம் பொரித்த கோழி விற்கும் கோழிக்கடைதான். 2019 ஆகஸ்டில் கத்திக்குத்துக்கு எதிரான செய்தியைப் பரப்ப விரும்பிய பிரித்தானிய உள்துறை, அதைக் கோழிக்கடைகளின் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டது. கறுப்பின இளைஞரை இழிவுபடுத்துகிறது என்று கடும் கண்டனமும் பெற்றது. இளைஞர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அந்த அரசுக்கும் தெரிந்திருந்தது. ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று அது கேட்டதாகத் தெரியவில்லை.

பிள்ளைகளின் பார்வையை அறிய அவர்களிடம் எப்படிக் கேட்பது?

‘ஜங்க் ஃபுட் சாப்பிடுவாயா?’ என்று கேட்டால் பாடப்புத்தக விடைதான் வரும். ‘நேற்று நாலரை மணிக்கு எங்கே இருந்தாய், கூட யார் இருந்தார்கள்?’ என்று கேளுங்கள். உணவு தானாக வரும். அவர்களோடு பள்ளியிலிருந்து வீடுவரை ஒருமுறை நடந்து பார்ப்பது பத்து வினாத்தாள்களுக்குச் சமம், ஏனெனில் எந்தக் கடையின் எதிரே தெருவின் மறுபக்கம் மாறுகிறார்கள் என்பதை எந்த வினாத்தாளும் கேட்காது. படம் எடுக்கச் சொல்வது மற்றொரு வழி. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இருவரும் 1990-களில் சீனாவின் யுனான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து அவர்களின் வாழ்வை அவர்களே பதிவுசெய்யச் செய்தார்கள். இன்று அந்த முறை பல நாடுகளில் இளைஞர்களுடன் கையாளப்படுகிறது. கேமரா ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. ஆசிரியர் மதிப்பெண் போடமாட்டார், படம் வீட்டுக்குப் போகாது என்ற உறுதி மட்டும் வேண்டும்.

வீட்டில் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டால் என்ன?

கடன் வாங்குவார்கள், அல்லது அடுத்தவர் வாங்கித் தருவதைத் தின்று அதற்குக் கட்டுப்படுவார்கள். இரண்டாவது அதிக ஆபத்து.

பள்ளியளவில் உடனடியாக என்ன செய்ய முடியும்?

மாலை நாலரை மணிக்கு ஒரு கை சுண்டல் அல்லது அவித்த வேர்க்கடலை. சிறப்பு வகுப்பு நடக்கும் நாட்களில் மட்டுமாவது. கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைக்க ஒருவர் வேண்டும். அந்த வேலைக்குக் கூலி ஒதுக்காமல் சத்துணவு ஊழியர் தலையில் கட்டினால் இரண்டாவது வாரமே நின்றுவிடும். குடிநீர்க் குழாய் ஒழுங்காக இருக்க வேண்டும். குளிர்பானத்தின் முதல் போட்டியாளர் தண்ணீர்தான். மைதானத்தின் ஒரு மூலையில், வேப்பமரத்தடியில், பெண்பிள்ளைகள் ஐந்தாறு பேர் உட்கார நாலு சிமெண்ட் பெஞ்சு போட்டு, பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் வாயிற்கதவைப் பூட்டாமல் வைக்கலாம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும் மதிய உணவை நீட்டிக்கக் கோரிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடலாம். அந்தக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. நெல்லிக்காய்ப் பாட்டி இன்னும் இருக்கிறாரென்றால் அவருக்கு மதிலோர நிழலில் ஓரிடம் கொடுத்து, உப்பைக் கொஞ்சம் குறைத்துத் தூவச் சொல்லிவிடலாம்.